வேலியோரத்து ஆவாரை

வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் பஸ்ஸில் ஒரு விடயத்தைப் பலமுறை கவனித்திருக்கின்றேன். செட்டிகுளத்தைக் கடக்கும்வரை வன்னிப் பெண்கள் அதிகம் பேசுவதில்லை. 2009ஆம் ஆண்டு இறுதி யுத்தத்திலிருந்து உயிர்தப்பி வந்த மக்களை அடைத்து வைத்திருந்த மெனிக் பாம் முகாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. 2012 செப்டெம்பரில் அது மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் அவ்விடம் வரும்போது சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். சிலர் மடியிலிருக்கும் பையைச் சரிசெய்வார்கள். மடுச்சந்தி வந்த பிறகுதான் பேச்சு வரும்.

சென்ற தை மாதப் பயணத்திலும் அப்படித்தான். மடுச்சந்தியைத் தாண்டியதும் என்னருகில் இருந்த வயதான தாய் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

"பாருங்கோ பிள்ளை, ஆவரசு என்ன மாதிரிப் பூத்துக் கிடக்கு."

வீதியோரப் பற்றைகளுக்கு நடுவே மஞ்சளாகப் பூத்திருந்தது. நான் அன்று போய்க்கொண்டிருந்ததும் அந்தப் பூவைப் பார்க்கத்தான். ஆனால் பற்றைக்குள் பூத்ததை அல்ல, ஒரு பெண் தன் வேலியோரத்தில் நட்டு வளர்த்ததை.

பலகைக்கு அப்பால்

மன்னாரில் இறங்கி, பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறினேன். மாந்தைச் சந்தி கடந்தால் ஒரு பக்கம் கடலும் கண்டல் பற்றைகளும், மறுபக்கம் வயல்களும் பனங்கூடல்களும் வரண்ட காடும். விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை என்று அந்தப் பாதை நீளும். இடையிலுள்ள ஒரு கிராமம்தான் நான் போகவேண்டிய இடம். ஊரின் பெயரையும் அங்குள்ள பெண்களின் பெயர்களையும் இங்கு எழுதவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டது அது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்று வெளியேறி, ஒரு சேவை நிறுவனத்தில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்த புதிதில், 2014 மாசி மாதம், நான் அங்கு முதன்முதலாகப் போனேன். 2008 ஆடியில் விடத்தல்தீவுப் பக்கம் யுத்தம் நெருங்கியபோது அந்த ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. மல்லாவி, கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு என்று போய் முள்ளிவாய்க்காலில் முடிந்தது அந்தப் பயணம். பிறகு முகாம். 2010இல் திரும்பி வந்தபோது காணிகளில் வீடு இல்லை, வேலி இல்லை, எல்லைக்கல்லும் இல்லை.

என் கையிலிருந்த படிவத்தில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் வாழ்வாதாரம் பற்றிய கேள்விகள் இருந்தன. முதலாவதாகப் போன வீட்டில் இருந்தவரை எல்லோரும் மூத்தக்கா என்று அழைத்தார்கள். கணவர் 2009 சித்திரையில் காணாமற்போனவர். தாய்க்குச் சீனி வருத்தம். மகளுக்கு அப்போது பதினைந்து வயது. தலையில் ஷெல் துண்டு இருந்தது, எடுக்க முடியாத இடத்தில்.

வளவில் கீரை இருந்தது. கத்தரியும் மரவள்ளியும் இருந்தன. ஆனால் ஒரு தென்னம்பிள்ளை இல்லை, முருங்கைக் கதியால் கூட இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"ரெண்டு மூண்டு மாசத்தில தாறது மட்டுந்தான் வைக்கிறனான் மிஸ். தென்னை காய்க்குமட்டும் இந்த இடத்தில இருப்பமெண்டு ஆர் கண்டது?"

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. பின்னர் பல கிராமங்களில் இதே பதிலைக் கேட்டிருக்கின்றேன். ஒரு வருடத்துக்குள் பத்துப் பன்னிரண்டு இடங்களில் கொட்டில் போட்டுப் பிரித்த பெண், வேர் ஆழமாக இறங்கும் எதையும் நடுவதற்குத் தயங்குகின்றாள். அதனைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ திட்ட அறிக்கைகளில் எழுதுகின்றவர்கள் இருக்கின்றார்கள். அது அனுபவம் கற்பித்த கணக்கு.

அன்று பின்னேரம் மூத்தக்கா என்னை வளவின் பின்பக்கம் கூட்டிப்போனார். நூறு யார் தூரத்தில் சிவப்புப் பலகைகள் வரிசையாக நின்றன, மண்டையோட்டுப் படத்துடன். கண்ணிவெடி அகற்றி முடியாத நிலம். அதற்கு இந்தப் பக்கம் விறகு வெட்டி, மாடு மிதித்து, வெறும் தரை. அந்தப் பக்கம் ஆள் கால் படாத இடம் முழுவதும் ஆவாரை, ஆளுயரத்துக்குப் பூத்து நின்றது.

"பூவெல்லாம் உதுக்குள்ளதான் கிடக்கு" என்றார். "அம்மாக்குப் பூ அவிச்சுக் குடுக்கோணும். சில நேரம் பலகையைத் தாண்டி ரெண்டு எட்டு வைச்சு எட்டிப் பிடுங்கிறனான். மாதா காப்பாத்துறா."

எனக்கு உடல் நடுங்கியது. இனிமேல் அங்கு போகவேண்டாம் என்று சொன்னேன். போகாவிட்டால் எங்கே பிடுங்குவது என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. வளவுக்குள் வளர்ப்பது.

ஆவாரை என்னும் செடி

ஆவாரை, ஆவிரை, ஊர்வழக்கில் ஆவரசு என்று எப்படி அழைத்தாலும் செடி ஒன்றுதான். சிங்களத்தில் ரணவரா. தாவரவியலில் சென்னா ஒரிகியுலாட்டா. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் மியன்மாருக்கும் உரியது. நம்நாட்டில் மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டை போன்ற வரண்ட கரையோரங்களில் தானாகவே வளர்கின்றது. ஒருமுறை வேர்விட்டால் பல ஆண்டுகள் நிற்கும் குறுஞ்செடி. வெட்ட வெட்டத் துளிர்க்கும். மாடு அதிகம் வாய்வைப்பதில்லை. கட்டாக்காலி மாடுகளும் கழுதைகளும் திரியும் மன்னார் மாவட்டத்தில் இது சிறிய விடயமல்ல.

இதன் பட்டையில் துவர்ப்பு அதிகம். தென்னிந்தியாவில் தோல் பதனிடுவதற்கு நெடுங்காலம் அந்தப் பட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். குச்சியால் பல் துலக்கியவர்கள் நம் ஆச்சிமார். பூவைக் காயவைத்து இடித்துப் பயற்றம்மாவுடன் கலந்து குளித்தவர்களும் அவர்களே. ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவுக்கு வேலையில்லை என்ற கருத்தில் ஒரு பழமொழியும் உண்டு. சித்த வைத்தியத்தில் இலை, பூ, காய், பட்டை, வேர் ஆகிய ஐந்தும் மருந்து. ஆவாரையை முதன்மையாகக் கொண்டு, கொன்றை, நாவல், மருது முதலியவற்றைச் சேர்த்துச் செய்யும் ஆவாரைக் குடிநீர் நீரிழிவுக்குக் கொடுக்கப்படுகின்றது.

மூத்தக்காவின் ஊருக்கு அடுத்த ஊரில் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் அனைவரும் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவர்கள் புத்தளத்துக்குப் போனார்கள். இருபது வருடங்களின் பின் திரும்பி வந்தவர்களில் ஒரு ராத்தா எங்கள் மாதர் சங்கக் கூட்டத்துக்கு வந்தார். பூவை வெறுமனே அவித்துக் குடிக்கும் பழக்கத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"நாங்க புத்தளத்தில சிங்கள ஆக்கள்கிட்டப் பழகின மாதிரிச் செய்து பாருங்க. பூவை நிழல்ல காயவச்சு, தேயிலை மாதிரிச் சாயம் ஊத்தி, பனங்கட்டியைக் கடிச்சுக்கிட்டுக் குடிக்கணும். ரணவரா எண்டு கடையில காசுக்கு விக்கிறாங்க."

இடம்பெயர்வு எத்தனையோ பொருட்களைப் பறித்தது. அது கொண்டுவந்து சேர்த்த ஒரு சில விடயங்களில் இந்தத் தேநீரும் ஒன்று. அன்றைய கூட்டத்தில் தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களுமாக ஆவாரை வளர்ப்பதென்று முடிவாயிற்று.

நாங்கள் செய்த பிழை

முதல் முயற்சி தோல்வி. அதற்குக் காரணம் செடியுமல்ல, பெண்களுமல்ல. எங்கள் நிறுவனத்தின் நிதி ஆண்டு ஆனி மாதத்துடன் முடிவடைய இருந்தது. ஒதுக்கிய பணத்தை அதற்குள் செலவழித்துக் கணக்குக் காட்டவேண்டும். ஆகவே 2015 வைகாசியில் ஒரு நாற்றுமேடையில் கன்றுகள் வாங்கி வீட்டுக்கு இருபது வீதம் கொடுத்தோம். பெண்கள் நட்டார்கள். நாங்கள் படம் எடுத்தோம்.

வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் மன்னாரில் சோளகக் காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வீசும். மழை கிடையாது. குடிநீருக்கே பவுசர் பார்த்திருக்கும் வீட்டில் எந்தப் பெண் ஆவாரைக்குத் தண்ணீர் ஊற்றுவாள்? ஆவணியில் நான் போனபோது பட்ட குச்சிகள்தான் நின்றன. மூத்தக்கா என்னைக் குறை சொல்லவில்லை.

"காட்டில ஆவரசு எப்ப முளைக்குதெண்டு பாத்தனீங்களோ மிஸ்? மாரியிலதான். நாங்களும் மாரியில வைப்பம்" என்றார்.

பட்டம் பெற்ற நான் படிவத்தைப் பார்த்தேன். அவர் காட்டைப் பார்த்திருந்தார். அந்த வருடம் பணமில்லாமல், வீதியோரத்தில் பொறுக்கிய விதையுடன் மீண்டும் தொடங்கினோம்.

வளர்க்கும் முறை

அந்தப் பெண்கள் செய்து பார்த்துக் கண்ட முறையைக் கீழே தருகின்றேன். உங்கள் வளவிலும் செய்து பார்க்கலாம்.

முதலில் செடியைச் சரியாக இனங்காணுங்கள். ஆவாரையின் இலைக்காம்பு கிளையுடன் சேரும் இடத்தில் காது மடல் போன்ற அகன்ற சிற்றிலை ஒன்று இருக்கும். இதுவே முக்கிய அடையாளம். தாவரவியல் பெயரிலுள்ள ஒரிகியுலாட்டா என்பதன் பொருளும் காதுடையது என்பதுதான். இலை ஒன்றில் எட்டு முதல் பன்னிரண்டு சோடிச் சிற்றிலைகள் இருக்கும். நுனி மழுங்கலாயிருக்கும். காய் தட்டையானது, தாளைப்போல மெல்லியது.

இதனுடன் மயங்கக்கூடியது பேயாவரை. அதுவும் மஞ்சட்பூதான். ஆனால் அதற்குக் காது மடல் இல்லை. சிற்றிலைகள் நான்கு முதல் ஆறு சோடி, நுனி கூரானது, கசக்கினால் கெட்ட மணம். இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் பேயாவரை விதையைத் தின்ற சிறுபிள்ளைகள் ஈரலும் தசையும் மூளையும் பாதிக்கப்பட்டு இறந்திருக்கின்றார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு இரண்டு செடிகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டிக்கொடுங்கள்.

விதைக்கு, செடியிலேயே கபில நிறமாகக் காய்ந்த காய்களைப் பறியுங்கள். விதையின் தோல் மிகக் கடினமானது. அப்படியே போட்டால் சில முளைக்கும், பல மாதக்கணக்கில் உறங்கும். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிட்டு, விதையை அதனுள் போட்டு இரவு முழுவதும் வையுங்கள். காலையில் பருத்திருக்கும் விதைகளை எடுத்து நடுங்கள். பருக்காதவற்றைச் சீமெந்துத் தரையில் மெதுவாகத் தேய்த்து மீண்டும் ஊறவைக்கலாம்.

பால்மாப் பைக்கற்றுகளை அடியில் துளையிட்டு, மண், மணல், எருக் கலவையை நிரப்பி, விதையை ஒரு விரல் நகத்தின் ஆழத்தில் ஊன்றுங்கள். ஆவணிக் கடைசியில் அல்லது புரட்டாதியில் இதனைச் செய்தால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நடுவதற்குக் கன்று தயாராகிவிடும். ஆணிவேர் இறங்கும் செடி என்பதால் பைக்குள் நீண்ட நாள் வைக்கவேண்டாம். நடும்போது வேர்மண் உடையாமல் பையைக் கிழித்தெடுங்கள். வேலிக்கு என்றால் இரண்டடிக்கு ஒன்று. பூவுக்கு என்றால் நான்கைந்து அடி இடைவெளி வேண்டும். களிமண் காணிகளில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அங்கே வரம்பு கட்டி அதன் மேல் நடுங்கள்.

முதலாவது கோடையில் மட்டும் வாரத்துக்கு இரண்டு தடவை பாத்திரம் கழுவிய தண்ணீரையாவது ஊற்றுங்கள். சவர்க்கார நீர் வேண்டாம். இரண்டாவது வருடத்திலிருந்து அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். பூ ஓய்ந்ததும் கிளைநுனிகளை வெட்டிவிட்டால் புதுக்கிளை விட்டு நிறையப் பூக்கும்.

இலையில் பச்சை நிறப் புழுக்கள் வரும். முதல் வருடம் ஒரு சகோதரி வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினியைத் தெளிக்கப் போனார். தடுத்துவிட்டோம். அவற்றுட் பல மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள். சில இலைகளைத் தின்றுவிட்டுப் போய்விடும். நாம் குடிக்கப்போகும் பூவில் நஞ்சு தெளிக்கலாமா? கருவண்டுகளையும் விரட்டாதீர்கள். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. வண்டு மகரந்தத்துக்காகவே வந்து பூவைப் பிடித்து உடலை அதிரச் செய்யும். அந்த அதிர்வில்தான் மகரந்தம் உதிரும். வண்டு இல்லாவிட்டால் காய் குறையும், அடுத்த மாரிக்கு விதையும் குறையும்.

பூவைக் காலையில் பனி காய்ந்தபின் பறியுங்கள். ஒரு செடியில் எல்லாவற்றையும் பறிக்காமல் மூன்றில் ஒன்றையாவது விடுங்கள். பாயிலோ சுளகிலோ மெல்லிதாகப் பரப்பி நிழலில் காயவிடுங்கள். கையில் எடுத்தால் நொறுங்கவேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதைக் குடிக்கக்கூடாது. மூடி இறுக்கமான கண்ணாடிப் போத்தலில் வையுங்கள். ஐந்து கிலோ பச்சைப் பூ காய்ந்தால் ஒரு கிலோவும் தேறாது. இதை நம்பிக் கடன் எடுக்கவேண்டாம். வேலிக்கு வேலியாய் நிற்கும் செடி மேலதிகமாகத் தருவதென்று மட்டும் எண்ணுங்கள்.

மறைக்கக்கூடாத ஒரு விடயம்

பூத் தேநீர் செய்வது எளிது. ஒரு தேக்கரண்டி காய்ந்த பூவுக்கு ஒரு கோப்பை கொதிநீர். ஐந்து நிமிடம் மூடி வைத்து வடியுங்கள். ஆனால் இதனைக் குடிக்கும் முன் மூத்தக்காவின் மகளுக்கு நடந்ததைக் கேளுங்கள்.

2018இல் அந்தப் பிள்ளைக்கு வயது பத்தொன்பது. தலையிலுள்ள ஷெல் துண்டினால் அவளுக்கு வலிப்பு வருவதுண்டு. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கார்பமசெபின் என்னும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒழுங்காகப் போட்டுவந்தாள், வலிப்பும் கட்டுப்பட்டிருந்தது. முகத்தில் பரு வருகின்றதென்று யாரோ சொன்னதைக் கேட்டு அவள் நாளுக்கு மூன்று நான்கு கோப்பை ஆவாரம்பூத் தேநீர் குடிக்கத் தொடங்கினாள். சில வாரங்களில் தலைச்சுற்று வந்தது. நடக்கும்போது தள்ளாடினாள். பொருள் இரண்டு இரண்டாகத் தெரிகின்றது என்றாள்.

ஷெல் துண்டு அசைந்துவிட்டது என்றுதான் தாய் நினைத்தார். இரவிரவாக அழுதுகொண்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார். மறுநாள் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வைத்தியர் கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இதில எழுதாத ஏதும் குடிக்கிறவவோ?"

மூத்தக்கா என்னைப் பார்த்தார். ஏச்சு விழும் என்ற பயம். நாட்டு மருந்து பற்றி ஆஸ்பத்திரியில் சொல்வதில்லை என்பது நமது பெண்களிடம் எழுதாத சட்டம். கடைசியில் மகள்தான் சொன்னாள், "ஆவரசம்பூத் தேத்தண்ணி."

வைத்தியர் ஏசவில்லை. பூத் தேநீரை நிறுத்தச் சொன்னார், மாத்திரையை நிறுத்தவேண்டாம் என்றார். சில நாட்களில் தள்ளாட்டம் போய்விட்டது. தேநீர்தான் காரணமென்று ஒருவரில் நடந்ததை வைத்து நிச்சயமாகக் கூறமுடியாது என்றும் அவர் சொன்னார். ஆனால் பிறகு நான் தேடிப் படித்தபோது, இலங்கை ஆய்வாளர்கள் இதே விடயத்தை எலிகளில் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டிருப்பதைக் கண்டேன். கார்பமசெபினுடன் ஆவாரைத் தேநீரையும் கொடுத்த எலிகளின் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடியிருந்தது. மருந்தின் அளவு கூடினால் தலைச்சுற்றும் தள்ளாட்டமும் இரட்டைப் பார்வையும் வரும் என்பது வைத்தியர்கள் அறிந்த விடயம்.

எங்கள் பெண்களில் எத்தனை பேர் உடலில் உலோகத் துண்டுடன் வாழ்கின்றார்கள், எத்தனை பேர் வலிப்பு மாத்திரை போடுகின்றார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவேதான் இதை விரிவாக எழுதுகின்றேன். வலிப்பு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் ஆவாரைத் தேநீர் குடிக்கவேண்டாம். சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும் அப்படியே. இரண்டும் சேர்ந்து சீனியை அளவுக்கு மிஞ்சிக் குறைத்தால் மயக்கம் வரலாம். பூவை நம்பி மாத்திரையை விடுவது அதைவிட ஆபத்து. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்த்துக்கொள்வது நல்லது. யாராயிருந்தாலும் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். சொல்வது குற்றமல்ல.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மூத்தக்கா செடிகளைப் பிடுங்கி எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் எறியவில்லை. "செடியில பிழை இல்லை. நாங்கள் மறைச்சதில பிழை" என்றார். இப்போது சங்கப் பெண்கள் கட்டும் ஒவ்வொரு பூப் பைக்கற்றிலும் ஒரு சிறிய துண்டு இருக்கின்றது. மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்டுக் குடிக்கவும் என்று அதில் எழுதியிருக்கும். மகளின் கையெழுத்து அது.

மஞ்சள் வேலி

சென்ற தையில் நான் பஸ்ஸால் இறங்கியபோது வழி கேட்கவேண்டியிருக்கவில்லை. வீதியிலிருந்தே வேலி தெரிந்தது. கிழக்கு எல்லை முழுவதும் ஆவாரை, நெஞ்சளவு உயரத்துக்கு ஒழுங்காக வெட்டிவிடப்பட்டுப் பூத்திருந்தது. கருவண்டுகளின் இரைச்சல். பின்பக்கத்துச் சிவப்புப் பலகைகள் இப்போது இல்லை. வெடி அகற்றி நிலத்தை ஒப்படைத்துவிட்டார்கள். அங்கே யாரோ உழுந்து விதைத்திருந்தார்கள். காட்டாவாரை ஒன்றுகூட மிஞ்சவில்லை. துப்புரவாக்கிய நிலத்தில் அது நிற்க வழியில்லை. மூத்தக்கா அன்று விதை எடுத்து நட்டிருக்காவிட்டால் அந்த ஊரில் அம்மாவுக்கு அவிக்க ஒரு பூ கிடைத்திருக்காது. அந்த அம்மா மூன்று வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார், வீட்டில், தன் பாயில் படுத்தபடி.

மகள் முற்றத்தில் பாய் விரித்துப் பூ காயவைத்துக்கொண்டிருந்தாள். வலிப்பு வந்து நாலு வருடமாகின்றது என்றாள். பூ விற்று வரும் காசு எவ்வளவு என்று கேட்டேன். கிளினிக்குக்குப் போய்வர பஸ்காசும் ஒரு கிலோ சீனியும் என்று சொல்லிச் சிரித்தாள். பெரிய தொகை அல்ல. ஆனால் அந்தப் பஸ்காசுக்காக யாரிடமும் கைநீட்டவேண்டியதில்லை.

ராத்தாவின் வீட்டிலிருந்து வந்த பனங்கட்டியுடன் மூத்தக்கா எனக்குத் தேநீர் தந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதுதான் கிணற்றடியில் நின்ற இரண்டு தென்னைகளைக் கவனித்தேன். ஒன்றில் பாளை வெடித்திருந்தது.

"தென்னையும் வைச்சிட்டியள் அக்கா" என்றேன்.

"ஓம் மிஸ். ஆவரசு ரெண்டு மாரி நிண்ட பிறகுதான் வைச்சனான்." கொஞ்சநேரம் பேசாமலிருந்தார். "அவர் போகேக்க இந்த வளவில வேலி இல்லை, வீடில்லை. வந்தாரெண்டா எப்பிடி இடம் பிடிப்பார்? இப்ப சந்தியில ஆரிட்டைக் கேட்டாலும் மஞ்சள் வேலி வீடெண்டு காட்டுவினம்."

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய எதையும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்பிப்பதில்லை.

புறப்படும்போது அவர் பழைய கொப்பித் தாளில் ஒரு பிடி விதையை மடித்துத் தந்தார். பஸ்ஸில் சந்தித்த அந்த வயதான தாயின் ஊர் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவருக்கும் கொஞ்சம் கொடுத்திருப்பேன். என்னிடமிருப்பதை இப்போது மாதர் சங்கக் கூட்டங்களுக்குக் கொண்டுபோய்ப் பகிர்ந்து வருகின்றேன்.

அன்பான வாசகிகளே, உங்கள் ஊர் வீதியோரத்திலும் ஆவாரை நிற்கக்கூடும். காது மடலைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, காய் முற்றியதும் ஒரு பிடி விதை எடுத்து வையுங்கள். ஆவணி முடிவில் ஊறவைத்தால், மாரி தொடங்கும்போது நடலாம்.